கைவேலைச் சோடினையும் அழைப்பிதழும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இந்த வேலை தொடங்கியது, இப்போது ஓர் அறை முழுக்கத் தாளும் ரிப்பனும். பிறந்தநாள், சாமத்திய வீடு, கல்யாணம், முதல் நன்மை என்று எதற்காகப் பேசினாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. வட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை நீங்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, நீங்கள் என்னென்ன செய்து தருவீங்கள்?

தாளாலும் அட்டையாலும் துணியாலும் கையால் செய்யக்கூடியவை. அழைப்பிதழ், என்வலப், கேக் பெட்டி, நன்றி அட்டை, மேசையில் வைக்கும் பெயர் அட்டை, கேக்கின் மேல் குத்தும் பெயர், தோரணம், தாள் பூ, பிறந்தநாள் பிள்ளைக்குப் பின்னால் வைக்கும் பின்திரை, ஆரத்தித் தட்டுச் சோடினை. மணவறை முழுவதும் சோடிப்பது, பந்தல், லைட் எல்லாம் என் வேலை இல்லை. அதற்கு லொறியும் ஏணியும் நாலைந்து ஆட்களும் வேண்டும்.

எத்தனை நாளுக்கு முதல் சொல்ல வேணும்?

பிறந்தநாள் சோடினைக்கு மூன்று வாரம். கல்யாண அழைப்பிதழுக்கு, அது உங்கள் கைக்கு வரவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி ஆறு வாரம். இங்கேதான் பலர் கணக்குப் பிழைக்கிறார்கள், கல்யாண நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அழைப்பிதழை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மாதமாவது வேண்டும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வெளிநாடு என்று சொந்தம் பரந்திருந்தால் அதற்கும் மேல். ஆக, கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே பேசத் தொடங்கினால் எல்லாருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

இன்னும் இரண்டு காலங்களைக் கவனியுங்கள். ஏப்ரல் 13, 14 ஐ ஒட்டி அச்சகங்களில் வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஒரு வாரத்துக்குக் கொழும்பில் ஒன்றும் நகராது. டிசம்பரில் அச்சகங்கள் முழுக்கக் கலண்டரும் டயறியும்தான். தைக் கல்யாணக்காரர்கள் கார்த்திகையிலேயே அச்சு வேலையை முடித்துவிடுவது நல்லது.

புறக்கோட்டையில ரெடிமேட்டா வாங்கினா மலிவுதானே, இதுக்கு ஏன் இவ்வளவு முடியுது?

மலிவுதான், அதை மறுக்கப் போவதில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒரு கிரேப் தாள் ரோசாவுக்கு இதழ் வெட்டி, விளிம்பை விரலால் இழுத்துச் சுருட்டி, கம்பியில் சுற்றி ஒட்ட எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஒரு சின்னப் பின்திரைக்கு நாற்பது பூ என்றால் எட்டு மணித்தியாலம், அது பூவுக்கு மட்டும். இலை, சட்டம், எழுத்து எல்லாம் வேறு. நீங்கள் தருகிற காசில் தாளின் விலை சின்னப் பங்கு, மீதி அந்த மணித்தியாலங்கள்.

எல்லாவற்றையும் கையால் செய்யவேண்டும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. கப், தட்டு, ரிப்பன், சாதாரணத் தொங்கட்டான்களைக் கடையில் வாங்குங்கள். பிள்ளையின் பெயர் வருகிற இடம், படம் எடுக்கிற இடம், வந்தவர்கள் கையில் கொண்டுபோகிற பொருள் ஆகிய மூன்றை மட்டும் கையால் செய்வித்தால் போதும், வீடே மாறித் தெரியும். கையில் இருக்கிற தொகையைக் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குள் எது அழகாக வரும் என்று யோசிப்பது எனக்குப் பிடித்த வேலை.

நானே செய்து பார்க்க விருப்பம். சாமான் எங்க வாங்கலாம்?

புறக்கோட்டைதான். காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் பிடித்தால் நேரே போகலாம், வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கோட்டையில் இறங்கி நடக்கிற தூரம். தாள், அட்டைக்கு மலிபன் வீதி. ரிப்பன், மணி, லேஸ், செயற்கைப் பூவுக்குக் குறுக்குத்தெருக்களில் ஏறி இறங்க வேண்டும், முதல் கடையில் வாங்காமல் மூன்று கடை பாருங்கள். ஞாயிறும் போயாவும் பெரும்பாலான மொத்தக் கடைகள் பூட்டு. வேலை நாளில் காலை பத்து மணிக்குள் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். வெசாக்குக்கு முந்திய வாரங்களில் கூடு கட்டுகிற மெல்லிய தாள் வேறு எப்போதும் கிடைக்காத நிறங்களில் வரும், நான் வருடத்துக்கு வேண்டியதை அப்போதே வாங்கிவிடுவேன்.

வாங்கும்போது தேவைக்குமேல் பத்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள். ஒரே இளஞ்சிவப்பு அடுத்த கட்டில் வேறு இளஞ்சிவப்பாக இருக்கும், பிறகு திரும்பிப் போய்த் தேடினாலும் அது கிடைக்காது.

ஜிஎஸ்எம், ஜிஎஸ்எம் எண்டு சொல்றீங்களே, அது என்ன?

ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான். போட்டோகொப்பித் தாள் 80. அழைப்பிதழ் கையில் எடுத்தால் தளராமல் நிற்க 250 முதல் 300 வரை வேண்டும். உள்ளே ஒட்டுகிற மெல்லிய தாளுக்கு 100 அல்லது 120 போதும். பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் பிறிஸ்டல் போட் தோரணத்துக்கு நல்லது, மடிக்கிற அழைப்பிதழுக்கு எனக்கு அது பிடிப்பதில்லை, மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும்.

தடித்த அட்டையை மடிக்கும் முன் கோடு இழுக்க வேண்டும். அடிமட்டம் வைத்து, மை முடிந்த போல்பொயின்ற் பேனையால் அழுத்தி ஒரு கோடு, பிறகு மடித்தால் கத்தி போல நேராக மடியும். தாளுக்கும் மரத்தைப் போல நார் ஓடும் திசை உண்டு. இரண்டு பக்கமும் இலேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தப் பக்கமாக மடிப்பு வரட்டும்.

காட் என்ன அளவில அடிக்கலாம்?

என்வலப்பைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் பதில். ஏ4 தாள் ஒன்றில் ஏ5 இரண்டு, ஏ6 நான்கு வெட்டலாம், வீணே இல்லை. ஏ6 அட்டைக்கு சி6 என்வலப், ஏ5 அட்டைக்கு சி5, கடையில் ஆயத்தமாக இருக்கும். சதுர அட்டை பார்க்க அழகு, என்றாலும் அதற்கு என்வலப்பையும் கையால் செய்யவேண்டி வரும், செலவு ஏறும். முழுக்கத் தமிழில், இரண்டு பக்கத்துப் பெற்றோர் பெயரும் ஊரும் வருகிற கல்யாண அழைப்பிதழை ஏ6க்குள் அடக்கினால் அப்பம்மாவால் வாசிக்க முடியாது. அதற்கு ஏ5 எடுங்கள்.

நான் தமிழில டைப் பண்ணி அனுப்பினேன், நீங்கள் எழுத்து வரேல்ல எண்டு சொல்றீங்கள். ஏன்?

இதற்கு இரண்டு காரணம். ஒன்று, வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். பாமினி என்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய ஒன்று. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் போர்வை விலகி வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். தொலைபேசியில் அடிப்பது யுனிகோட், அது எங்கும் தமிழாகவே இருக்கும். ஆகவே தொலைபேசியிலேயே அடித்து அனுப்புங்கள், அல்லது கையால் தெளிவாக எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். கையெழுத்து எனக்கு மிகவும் விருப்பம், பெயரை வீட்டார் எப்படி எழுதுவார்கள் என்பது அதில் தெரியும்.

இரண்டாவது அச்சகத்தில் நடப்பது. சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைப் போடாமல் யுனிகோட் தமிழை ஒட்டினால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" உடைந்துபோகும். அதனால் நான் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய பின்தான் அச்சுக்கு அனுப்புகிறேன். நீங்கள் நேரடியாக அச்சகத்துக்குப் போனாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அழைப்பிதழில என்ன எழுதுறதெண்டு தெரியேல்ல, நீங்களே எழுதித் தருவீங்களா?

வசனம் எழுதித் தருவேன். பெயர், நேரம், உறவுமுறை மூன்றையும் நீங்கள்தான் தரவேண்டும். எந்தப் பிள்ளை மூத்தது, யார் காலஞ்சென்றவர், யாருடைய பெயருக்கு முன் எந்த முதலெழுத்து, இதெல்லாம் வெளியாள் ஊகிக்கிற விடயங்கள் இல்லை. குடும்பத்தில் ஒரு பெரியவரை உட்காரவைத்து எழுதுங்கள், அரை மணித்தியாலம் போதும்.

முகூர்த்த நேரத்தை ஐயர் எழுதித் தந்தபடியே போடுங்கள். நம்மிடம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் புழக்கத்தில் இருக்கின்றன, இரண்டிலும் நேரம் வித்தியாசப்படும். ஐயர் ஒன்றைப் பார்த்துத் தந்ததை, தொலைபேசிச் செயலியைப் பார்த்து நீங்கள் திருத்திவிட்டால் கல்யாண வீட்டில் தேவையில்லாத குழப்பம். தமிழ் வருடப் பெயரும் அப்படித்தான், அது சித்திரையில்தான் மாறும். விசுவாவசு 2025 சித்திரையில் தொடங்கியது, பராபவ 2026 சித்திரையில். அப்படியானால் 2026 தை மாதக் கல்யாணத்துக்கு விசுவாவசு என்றே வரும். இந்தப் பிழையை நான் பல அட்டைகளில் பார்த்திருக்கிறேன்.

சிங்களத்திலும் வேண்டும் என்றால் அதைச் சிங்களம் தாய்மொழியான ஒருவர் வாசித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அச்சடிப்பேன். நம் பெயர்களைச் சிங்களத்தில் எழுதும்போது குறில் நெடில் மாறினால் பெயரே மாறிவிடும். அலுவலக நண்பர் ஒருவரைக் கேளுங்கள், சந்தோசமாகச் செய்து தருவார்கள்.

முந்நூறு பேர் வருவினம், முந்நூறு காட் அடிக்கவா?

வேண்டாம். ஆட்களை விட்டுக் குடும்பங்களை எண்ணுங்கள். முந்நூறு பேர் என்றால் சாதாரணமாக நூற்றிருபதுக்குள் அடங்கும், அதோடு இருபது கூட அடியுங்கள், கடைசி வாரத்தில் நினைவுக்கு வருகிறவர்களுக்கும் உங்கள் வீட்டில் எடுத்து வைப்பதற்கும். பிறகு இருபதே இருபது மட்டும் திரும்ப அடிக்கக் கேட்டால் ஒரு அட்டைக்கு விழும் செலவு மிகவும் கூடும்.

காட் வேண்டாம், வட்ஸ்அப்பில மட்டும் அனுப்பினா போதாதா?

பிறந்தநாளுக்குப் போதும், நானே அப்படித்தான் சொல்வேன். கல்யாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் மூத்தவர்கள் இருக்கிற ஐம்பது வீட்டுக்காவது அட்டை அடியுங்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வைத்து, வீட்டுக்குப் போய்க் கொடுத்து "கட்டாயம் வரவேணும்" என்று சொல்வதும் சடங்கின் ஒரு பகுதிதான். தொலைபேசியில் வந்த படத்தைப் பார்த்து வருகிறவர்கள் வருவார்கள், அதைப் பார்த்து மனம் நோகிறவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அதே வடிவத்தைத் தொலைபேசிக்கு ஏற்ற நீள அளவில் செய்து தருகிறேன், எழுத்தைப் பெரிதாக்கி, மண்டபத்தின் இடக்குறியையும் சேர்த்து.

தாள் பூ எத்தனை நாள் இருக்கும்? கடல் காத்துக்கு வாடிப்போகாதா?

வாடாது, நனையும். கொழும்பின் ஈரக் காற்றைத் தாள் குடித்துக்கொண்டே இருக்கும், கடல் பக்கம் யன்னல் திறந்த வீட்டில் இன்னும் வேகமாக. மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்கு மழைக்காலத்தில் ஒரு இரவு வெளியில் வைத்த கிரேப் பூவின் இதழ்கள் காலையில் தலை தொங்கியிருக்கும். அதனால் நான் பூக்களை மூடிய பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுத்தான் தருகிறேன், நிகழ்வு நாள் வரை பெட்டியைத் திறக்காதீர்கள். அப்படி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். நேர்வெயிலில் வைத்தால் கிரேப் நிறம் வெளுக்கும், முதலில் வெளுப்பது சிவப்பும் ஊதாவும்.

பசையும் முக்கியம். தண்ணீர் கூடிய பசை மெல்லிய தாளை நெளியவைக்கும். பைண்டர் கம்மைத் துளியாக, பல்குத்தும் குச்சியால் தொட்டு வையுங்கள், பெரிய பரப்புக்கு இரட்டைப் பக்க டேப். இன்க்ஜெட்டில் அடித்த அட்டையை வியர்த்த கையால் தொட்டால் மை கரையும், ஆகையால் கையில் புரளுகிற எதையும் லேசரில் அடிக்கிறேன்.

ரெஜிபோமில பெயர் வெட்டி ஸ்ப்ரே அடிச்சேன், முழுக்கக் கரைஞ்சு போச்சு. என்ன பிழை?

ஸ்ப்ரே பெயின்றில் இருக்கிற கரைப்பான் ரெஜிபோமை, அதாவது அந்த வெள்ளை நுரை அட்டையை, தின்றுவிடும். தண்ணீரில் கரைக்கிற எமல்ஷன் அல்லது அக்ரிலிக் பூசுங்கள். குளூ கன்னும் ஆபத்து, ரெஜிபோம் 100 பாகை செல்சியசை அண்டியதும் இளகும், குளூ கன்னின் சூடு அதற்கும் மேல். கட்டாயம் வேண்டுமென்றால் குறைந்த சூட்டு வகையை எடுத்து, பசையைக் கொஞ்சம் ஆறவிட்டு ஒட்டுங்கள்.

நான் இப்போது ரெஜிபோமை விட்டுவிட்டேன், பெட்டி அட்டையை மூன்று அடுக்காக ஒட்டி வெட்டுகிறேன், அதே தடிப்பு வரும். 2017 செப்டம்பரிலிருந்து சமய, சமூக நிகழ்வுகளில் பொலித்தீன் சோடினைக்குத் தடை இருக்கிறது. 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் மாலைக்கும் தடை, ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டிகளோடு சேர்த்து. தென்னங்குருத்துத் தோரணமும் மாவிலையும் எப்போதும் நம் கையில் இருந்தவைதானே, அதோடு தாளைச் சேர்த்தால் மிக நன்றாக இருக்கும்.

பலூன் முதல்நாள் இரவே கட்டி வைக்கலாமா?

காற்று ஊதிய பலூன் என்றால் வைக்கலாம், வெயில் படாத அறையில். வெயில் பட்டால் ரப்பர் பலூன் மங்கி வெல்வெட் மாதிரி ஆகிவிடும். ஹீலியம் பலூன் சாதாரண அளவில் அரை நாளிலிருந்து ஒரு நாள்தான் மிதக்கும், அதை அன்றைக்கே நிரப்புங்கள். ஃபொயில் பலூன் ஏசி மண்டபத்தில் சுருங்கின மாதிரித் தெரிந்தால் பயப்படவேண்டாம், வெளியே கொண்டுவந்தால் திரும்ப உப்பும். அதையே வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் வெடிக்கும். கடற்கரையில் பலூன் பறக்கவிடுவதற்கு மட்டும் நான் கட்டித் தரமாட்டேன். அது போய்ச் சேருவது கடலில்தான், ஆமை அதைத் தின்னும்.

சாமத்திய வீட்டுக்கு எத்தனை தட்டு? எல்லாத்தையும் ஒரே நிறத்தில செய்யவா?

தட்டுகளை ஒற்றைப்படையில் எடுப்பது வழக்கம், ஒன்பது, பதினொன்று, இருபத்தொன்று என்று. எத்தனை என்பதைத் தூக்குகிற பெண்பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். மண்டபத்தில் கடைசி நேரத்தில் ஆள் தேடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். சிறு பிள்ளைகள் தூக்குவதென்றால் தட்டின் எடையைக் குறைத்து, உயரமான சோடினையைத் தவிர்ப்பேன். நிறத்துக்குப் பிள்ளையின் சேலைத் துணியில் ஒரு துண்டோ, பகல் வெளிச்சத்தில் எடுத்த படமோ தாருங்கள். ஒரே நிறத்தில் எல்லாம் செய்தால் படத்தில் தட்டையாகத் தெரியும், ஒரு நிறத்தை முக்கியமாக வைத்து அதன் பக்கத்து நிறம் இரண்டைச் சேர்ப்பேன். இன்னுமொன்று, பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். படம் வாழ்நாள் முழுக்க அவளுடையது.

ஆரத்தித் தட்டில் நெருப்பு இருக்கிற இடத்தைச் சுற்றித் தாள் வைக்கமாட்டேன். அந்தத் தட்டுக்குப் பூவும் பழமும் மாவில் செய்த விளக்கும் மட்டும்.

மண்டபத்தில ஆணி, டேப் ஒண்டும் அடிக்க விடமாட்டினமாம். பின்திரையை எப்படி நிறுத்துறது?

தானே நிற்கிற சட்டத்தில் கட்டித் தருகிறேன், குழாய்கள் கழற்றிப் பூட்டக்கூடியவை, ஓட்டோவில் ஏறும், தொடர்மாடி லிப்டிலும் அடங்கும். மண்டபம் எடுக்கும்போதே மூன்று விடயம் கேளுங்கள்: எத்தனை மணிக்குத் திறந்துவிடுவார்கள், மேடையின் உயரம் என்ன, விசிறி எங்கே இருக்கிறது. விடிய ஆறு மணி முகூர்த்தத்துக்கு ஐந்து மணிக்குத்தான் கதவு திறக்கும் என்றால் நான் செய்கிற வடிவமே வேறு. குத்துவிளக்கிலிருந்து தாள் சோடினை இரண்டு கையையும் விரித்த தூரமாவது தள்ளி நிற்கட்டும், விசிறிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வைத்தால் இன்னும் நல்லது.

பிள்ளைக்குப் பிடிச்ச கார்ட்டூனைப் போட்டுத் தருவீங்களா?

படத்தை அப்படியே எடுத்து அச்சடித்து விற்கமாட்டேன். அதை வரைந்தவர்களுக்கு உரிமை உண்டு, இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. என்ன செய்யலாம் என்றால், பிள்ளைக்கு அதில் எது பிடிக்கும் என்று கேட்டு அதை நானே வரைவேன். கடல், மீன், பஸ், மயில், ராக்கெட். ஒரு தம்பிக்கு 100 ஆம் இலக்கப் பஸ்ஸை அட்டையில் செய்து, அதன் யன்னல்களில் கூடப் படிக்கிற பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அது இன்னும் அவன் அறையில் நிற்பதாக அம்மா படம் அனுப்பினார்.

அடிச்ச பிறகு பிழை கண்டுபிடிச்சா யார் காசு?

அச்சுக்கு முன் நீங்கள் பார்த்துச் சரி என்று சொன்ன மாதிரி அட்டையில் இருந்த பிழை என்றால் உங்களுடையது, அதற்குப் பிறகு என் கையால் வந்தது என்றால் முழுக்க என்னுடையது. இப்படிக் கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொடங்கிய காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு இருநூறு அட்டை அடித்தேன். மாதிரியை மணமகளின் தம்பி பஸ்ஸில் போகும்போது தொலைபேசியில் பார்த்துச் சரி என்று அனுப்பினான், நானும் அதை ஏற்றுக்கொண்டேன். பெட்டியைத் திறந்து முதலில் வாசித்தவர் அம்மம்மா. தாத்தாவின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். செலவை இரண்டு பக்கமும் பாதி பாதி ஏற்றுத் திரும்ப அடித்தோம், அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து தொலைபேசியில் மாதிரி காட்டி அச்சுக்குப் போவதில்லை. தாளில் அடித்துத் தருவேன், மூன்று பேர், அதில் ஒருவர் வீட்டுப் பெரியவர், சத்தமாக வாசிக்கவேண்டும். கண்ணுக்குத் தப்புவது காதில் பிடிபடும்.

சொன்ன விலையை ஏன் இரண்டு கிழமைக்குத்தான் வைக்கிறீங்கள்?

தாள் இறக்குமதி, டொலரோடு ஏறும் இறங்கும். 2022 இல் தாளில்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது, அந்த மாதங்களில் காலையில் கேட்ட விலை மாலையில் இருக்கவில்லை. இப்போது அந்த அளவுக்கு இல்லை, என்றாலும் முற்பணம் வந்தவுடன் முதலில் தாளைத்தான் வாங்கி வைக்கிறேன்.

கேட்கக் கூடாது, ஆனா கேட்கிறேன். செத்த வீட்டுக் கல்வெட்டும் செய்வீங்களா?

செய்வேன். கேட்கத் தயங்கவேண்டாம். முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம், நினைவு அட்டை இரண்டுக்கும் மேலே சொன்ன வாரக்கணக்கு எதுவும் இல்லை, கையில் இருக்கிற வேலையை ஒதுக்கிவிட்டு எடுப்பேன். பெயர்களைச் சத்தமாக வாசிக்கும் விதி மட்டும் இதற்கும் உண்டு, பேரப்பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட விடுபடக்கூடாது. படம் பழைய அல்பத்தில் இருந்தால் தொலைபேசியால் எடுத்து அனுப்பாதீர்கள், கண்ணாடித் தாளின் பளபளப்பு முகத்தில் விழும். அல்பத்தோடு கொண்டுவாருங்கள், இங்கே வைத்து ஸ்கேன் பண்ணிவிட்டு அன்றைக்கே திருப்பித் தருகிறேன்.